ஸ்டீபன் பாஸின் காது

இதை எழுதச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள் பலர். கண்டியில் பாண்ட் வாசிக்கிற பிள்ளைகள் தங்கள் சங்கத்துக்கு மலர் போடும்போதெல்லாம் என்னிடம் வருவார்கள். "ஐயா, ஸ்டீபன் பாஸ் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. அவரோட கூட இருந்தவங்க நீங்க மட்டுந்தானே" என்பார்கள். தருகிறேன் என்பேன். முதல் மலர் என் எழுத்து இல்லாமலே வந்தது. இரண்டாவது மலருக்குக் கண் சரியில்லை என்றேன். மூன்றாவதற்கு அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, மாத்தளையில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். இதற்கென்றே வாங்கிய கொப்பியில் பிள்ளையார் சுழி மட்டும் போட்ட பக்கங்கள் ஏழெட்டு இருக்கின்றன. ஒன்பது வருடமாக இப்படித்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கும். சொல்கிற விஷயத்தில் பிழை இருக்காது. காலையில் குளித்து, முருகனுக்கு விளக்கு வைத்து, அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் பெயர் வடிவேல்.

எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்தவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். மேசன் பாஸ், தச்சு பாஸ் என்று எத்தனையோ பேர் இருப்பார்கள். ட்ரம்பெட்டுக்கு மவுத்பீஸ் செய்கிற பாஸ் எனக்குத் தெரிந்து ஸ்டீபன் பாஸ் ஒருவர்தான். கண்டி டவுனில் பிறந்த வேதக்காரர், கிறிஸ்தவர். அவருடைய பட்டறை பிலிமத்தலாவையில், கொழும்பு ரோட்டில், பித்தளை விளக்கு விற்கிற ஒரு கடைக்குப் பின்னால் இருந்தது. முன்னால் விளக்கும் பித்தளை யானையும் வியாபாரமாகும். பின்னால் இரண்டு லேத் மெஷினும் ஓர் உலையும் நாங்கள் இருவரும்.

மவுத்பீஸ் என்பது ட்ரம்பெட்டின் நுனியில் செருகி, உதட்டை வைத்து ஊதுகிற சிறு துண்டு. ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். மேலே கிண்ணம் போல ஒரு குழி. கிண்ணத்தின் அடியில் தொண்டை என்கிற துவாரம். கீழே ஒடுங்கிப் போகும் வால். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் உதட்டுக்கும் கருவிக்கும் நடுவில் இருப்பது அதுதான். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு மயிரளவு கூடினாலும் குறைந்தாலும் ஊதுகிறவனுடைய வாய் கண்டுபிடித்துவிடும்.

நான் ஹந்தானைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தேயிலை பேக்டரியில் மெஷின் அறையில் வேலை செய்தவன். பேக்டரியை மூடிய பிறகு, முப்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இந்தப் பட்டறைக்கு வந்தேன். லேத் ஓட்ட எனக்கு முன்பே தெரியும். பாஸ் என்னிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "வெத்திலை போடுவீங்களா?" என்றார். இல்லை என்றேன். "குடி?" இல்லை என்றேன். நெற்றியைப் பார்த்தார். "சரி சாமியாரே, திருநீறு மெஷின்ல கொட்டாம பாத்துக்குங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பட்டறையில் பெயர் சாமியார்தான். பாலீஷ் போடுவதும், துண்டை லேத்தில் முதல் தடவை உருட்டி எடுக்கிற கரட்டுக் கடைசலும் என் வேலை. கிண்ணமும் தொண்டையும் விளிம்பும் அவர் வேலை.

அவரைப் பற்றி எல்லோரும் கையைத்தான் சொல்வார்கள். அவர் நம்பியது கையை அல்ல, காதை. ஒரு தடவை ஒரு ஸ்கூல் பாண்ட் மாஸ்டர் பன்னிரண்டு மவுத்பீஸ் எடுத்துப் போக வந்தார். கொஞ்சம் குறும்புக்காரர். வெளிநாட்டில் இருந்து வந்த ஒன்றைத் தன் பையில் இருந்து எடுத்து எங்கள் பன்னிரண்டோடு கலந்துவிட்டார். எல்லாம் வெள்ளி முலாம் பூசியது, எல்லாம் ஒரே மாதிரி.

"பாஸ், உங்க பிள்ளைகளை உங்களுக்கே அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார்.

பாஸ் கதிரையைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "சாமியாரே, ஒண்ணொண்ணா நூல்ல கட்டித் தட்டுங்க" என்றார். தட்டினேன். எட்டாவதைத் தட்டியதும், "அது பக்கத்து வீட்டுப் பிள்ளை, அதைச் சாப்பாட்டுக்கு அவங்க வீட்டுக்கு அனுப்பிருங்க" என்றார். பாண்ட் மாஸ்டர் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார்.

பித்தளையையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். சாக்கில் வருகிற பழைய பித்தளையை உருக்கித் தடித்த கம்பியாக ஊற்றுவோம். சில நேரம் நல்ல தடிமனான துண்டு கிடைத்தால் உருக்காமல் அப்படியே கடைவோம். எதுவாக இருந்தாலும் காலையில் முதல் வேலை, ஜன்னல் சட்டத்தில் அடித்திருக்கும் ஆணியில் நூல் கட்டி அதைத் தொங்கவிடுவார். அரத்தின் மரப்பிடியால் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு சத்தம் அடங்கும்வரை நிற்பார். நல்லதென்றால் சிவப்பு பெயின்டில் ஒரு புள்ளி. மிக நல்லதென்றால் இரண்டு புள்ளி. புள்ளி வாங்காதது மூலையில் போகும். உள்ளே ஊசிமுனை அளவு காற்றுப் பொத்தல் இருந்தால்கூடச் சத்தம் சட்டென்று அறுந்துபோகும் என்பார். "செத்த சத்தம்" என்பது அவர் பேச்சு. ஒரு கம்பியை இரண்டாம் தடவை தட்டவே மாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"மொதோ தடவை கேக்கறது காது. ரெண்டாந்தடவை கேக்கறது பயம்" என்றார்.

இனித் தேவராஜ் விஷயத்துக்கு வருகிறேன்.

தேவராஜ் மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பையனாக இருந்து, கல்யாண பாண்ட் ஒன்றில் ட்ரம்பெட் ஊதி, நல்ல பெயர் எடுத்தவர். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். வத்தேகம ரோட்டில் பஸ் பிரேக் போட்டபோது முன் சீட்டுக் கம்பியில் வாய் அடித்து, மேல் உதடு கிழிந்து, தையல் போட்டிருந்தது. தையல் ஆறி, நடு உதட்டுக்கு இடது பக்கம் பருப்பு அளவில் ஒரு தழும்பு. விளிம்பு அந்தத் தழும்பில் அழுந்தினால் வலியில் கண்ணீர் வரும். மேல் ஸ்தாயி போகவே போகாது. அந்த நேரத்தில்தான் அவருக்கு ஒரு கப்பல் பாண்டில் சேரச் சந்தர்ப்பம் வந்தது. கொழும்பில் டெஸ்ட். ஊதிக் காட்ட வேண்டும். இரண்டு மாதம் இருந்தது.

"பாஸ், ஊத முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. நான் மலைக்கே திரும்பிப் போயிர்றேன்" என்றார்.

"மலை எங்கயும் ஓடிப்போகாது. உக்காருங்க" என்றார் பாஸ்.

அன்று அவர் செய்ததை எல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெழுகுவர்த்தி மெழுகை உருக்கி, சோடா மூடி அளவில் வட்டமாக ஊற்றி வைத்திருப்பார். அதை இளஞ்சூட்டு வெந்நீரில் போட்டு மெதுவாக்கி, தேவராஜை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து அதில் அழுத்தச் சொன்னார். ஒரு வட்டமல்ல, ஐந்து வட்டம். ஐந்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்து நின்று நீளமாக ஒரே ஸ்வரம் ஊதச் சொன்னார். ஊதும்போது தன் கையை அவர் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் மெல்லுவீர்கள் என்று கேட்டார். பல்லைக் காட்டச் சொன்னார். மீசையை அப்படியே விட்டுவிட்டு வரச் சொன்னார். "வழிச்சுட்டு வந்தீங்கன்னா அது வேற உதடு."

"பாஸ், பொண்ணு வீட்டுக்காரங்க கூட என்னைய இப்படிப் பாக்கல" என்றார் தேவராஜ்.

"அவங்க பாத்திருந்தா குடுத்திருக்க மாட்டாங்க."

தேவராஜ் போன பிறகு பாஸ் எனக்கு விளக்கினார். தழும்பு படுகிற இடத்தில் மட்டும் விளிம்பை ஒரு மயிரளவு தாழ்த்த வேண்டும். அது லேத்தில் வராது, கையால் சாணைக்கல்லில்தான் தேய்க்க வேண்டும். அழுத்தாமலே சத்தம் எழும்ப, கிண்ணத்தின் சுவரை வழக்கத்தைவிட மெல்லிசாகக் கடைய வேண்டும். சுவர் மெல்லிசு என்றால் பித்தளையில் எந்தக் குறையும் இருக்கக்கூடாது. "இதுக்கு ரெண்டு புள்ளி வேணும் சாமியாரே" என்றார். அதற்காக மூன்று வாரம் காத்திருந்தார்.

நான்காவது வாரம் வந்த சாக்கில் ஒரு குத்துவிளக்கின் தண்டு இருந்தது. அன்னம் இல்லை, தட்டு இல்லை, தண்டு மட்டும். ஏதோ ஒரு தோட்டத்துக் கோயில் மண் சரிந்து விழுந்தபோது உடைந்தது என்று சாக்குக்காரர் சொன்னார். தண்டின் அடியில் எழுத்து வெட்டியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வாசித்தேன். "கீழ் டிவிஷன் கொழுந்துக்காரப் பெண்கள் உபயம்."

துடைத்த துணியைக் கீழே வைக்காமல் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் அம்மாவும் அப்படி ஒரு டிவிஷனில் கொழுந்து எடுத்தவர்தான்.

பாஸ் அதை ஆணியில் தொங்கவிட்டுத் தட்டினார். அந்தச் சத்தத்தை நான் இன்றைக்கும் சொல்ல முடியும். ஒரு ஆள் மூச்சு முட்டாமல் ஓம் என்று சொல்லி, வாயை மூடிய பிறகும் உள்ளே நிற்குமே, அப்படி. பாஸ் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது.

"எத்தனை வருசம் எண்ணெயும் சூடும் குடிச்ச பித்தளை" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகம் அவருக்குத் தெரியாததல்ல. "இது உங்க சாமி விளக்கு. உங்களுக்கு மனசு சரியில்லன்னா சொல்லுங்க, வேற பாப்போம். ஒரு வாரம் பிந்தும். அவ்வளவுதானே" என்றார்.

வேண்டாம் பாஸ் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. முதலாளி கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவன் நான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாஸ், செய்ங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

கரட்டுக் கடைசல் என் வேலை. என் கையாலேயே அந்த எழுத்தைக் கடைந்தேன். உபயம் என்ற எழுத்து தூளாக உதிர்ந்து காலடியில் விழுந்தது. பதினொரு மணிக்கு அது மற்றக் கம்பிகளைப் போல ஒரு வழவழப்பான கம்பி ஆகிவிட்டது. பாஸ் அதில் இரண்டு சிவப்புப் புள்ளி வைத்தார்.

அது கந்த சஷ்டி நேரம். நான் காப்புக் கட்டி விரதம் இருந்தேன். பகலில் சாப்பாடு இல்லை. அதனால் பாஸ் சாப்பிடப் போனால் பட்டறையில் நான் தனியாகத்தான் இருப்பேன். அன்றும் போனார். நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். சாமிக்கு முன்னால் எரிந்த விளக்கு. நாளைக்கு இதை ஒருவன் வாயில் வைத்து எச்சில் படுத்துவான். கல்யாண வீட்டில் தண்ணி போட்டுவிட்டு ஊதுவான். உதறினால் எச்சில் தண்ணி தரையில் விழும். அந்தப் பெண்களின் உபயத்தை எச்சிலாக்கிய பாவம் என் பிள்ளைகளுக்கு வருமே என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. தேவராஜின் உதட்டை நினைக்கவில்லை.

மூலையில் அதே தடிமனில் ஒரு கம்பி கிடந்தது. பழைய தண்ணீர்க் குழாய்ப் பித்தளையை உருக்கி ஊற்றியது. அதை பாஸ் அன்று காலையில் தட்டிப் பார்த்துச் செத்த சத்தம் என்று ஒதுக்கியிருந்தார். அதை எடுத்து, அதே நீளத்துக்கு அறுத்து, ஒரு தடவை கடைந்து வழவழப்பாக்கி, பாஸின் பெயின்ட் டப்பாவில் அவருடைய குச்சியைத் தொட்டு இரண்டு புள்ளி வைத்தேன். பித்தளை பித்தளைதானே, முலாம் பூசினால் யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்குக் கம்பியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். சாயந்தரம் பேராதனையில் இறங்கி, உடைந்த சாமிப் படங்களை விடுவதுபோல, மகாவலி ஆற்றில் விட்டேன். அன்று நான் சந்தோசமாக வீட்டுக்குப் போனேன்.

பாஸ் சாப்பிட்டுவிட்டு வந்து கம்பியை லேத்தில் பூட்டினார். இரண்டு புள்ளியைப் பார்த்தார். தட்டவில்லை. அவர்தான் இரண்டாம் தடவை தட்ட மாட்டாரே. கொஞ்ச நேரம் கடைந்துவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"சீவல் ஒரு மாதிரி வருது சாமியாரே. காலையில நீங்க கடையும்போது வெண்ணெய் மாதிரி வந்துச்சே?"

"கத்தி மழுங்கியிருக்கும் பாஸ்" என்றேன்.

அவர் கத்தியைக் கழற்றி, சாணை பிடித்து, திரும்பப் பூட்டினார். கை சொன்னதைத் தள்ளிவிட்டு, காலையில் காது சொன்னதை நம்பினார். நான் என்ன சொன்னேனோ அதையும் நம்பினார்.

ஒன்பது நாள் அந்தத் துண்டோடு இருந்தார். கடைசி மூன்று நாள் முழுக்கச் சாணைக்கல்லும் மெழுகு வட்டமும்தான். பிறகு முலாம் பூசுவதற்கு அதே ரோட்டில் இருந்த ஹனீபா நானாவிடம் கொடுத்தோம். முலாம் பூசி வந்ததை தேவராஜ் வாங்கி, தழும்புக்கு நேராக பாஸ் போட்டிருந்த கீறலைப் பார்த்துச் செருகி, மெதுவாக ஊதினார். பிறகு மேலே போனார். இன்னும் மேலே போனார். முன் கடையில் விளக்கு வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தேவராஜ் ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு பாஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் அழுதேன். சாமி மன்னித்துவிட்டார், இரண்டு பக்கமும் நல்லதாகவே முடிந்தது என்று நினைத்தேன்.

டெஸ்ட் ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை தேவராஜ் வாயில் லேஞ்சித் துணியைப் பொத்திக்கொண்டு வந்தார். எடுத்தபோது மேல் உதடு வீங்கி, தழும்பு பிளந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. இரண்டு வாரமாக அரிப்பு இருந்ததாம். டெஸ்டுக்குப் பயிற்சி என்று பொறுத்துக்கொண்டு தினமும் ஊதியிருக்கிறார்.

பாஸ் மவுத்பீஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். கிண்ணத்துக்குள்ளும் விளிம்பிலும் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள், அம்மை போட்ட மாதிரி. அதை வைஸில் பூட்டி, வாளால் நெடுக்காக இரண்டாக அறுத்தார். உள்ளே சுவர் முழுக்க எறும்பு துளைத்தது போலப் பொத்தல்.

ஹனீபா நானா வந்து பார்த்தார். "இது குடிச்சிருச்சே" என்றார். முலாம் தொட்டியில் இருப்பது விஷ உப்புக் கலந்த தண்ணீர். பொத்தல் உள்ள பித்தளை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுவினால் வெளியே மட்டும்தான் போகும். பிறகு உதட்டுச் சூடு படப்பட அது கொஞ்சம் கொஞ்சமாக வியர்த்து வெளியே வரும். "நீங்க எப்படி ஸ்டீபன் இந்தப் பித்தளையை எடுத்தீங்க? உங்களுக்கா தெரியாது?"

பாஸ் அறுத்த துண்டுகள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் தட்டிக் கேட்டேனே நானா. சுத்தமாக் கேட்டுச்சே" என்றார். என்னைப் பார்த்தார். "நீங்களும் இருந்தீங்கதானே சாமியாரே? கேட்டீங்கதானே?"

"கேட்டேன் பாஸ்" என்றேன். அதுவும் பொய்யில்லை. அதுதான் கொடுமை.

தேவராஜ் டெஸ்டுக்குப் போகவில்லை. உதடு ஆறிய பிறகும் தழும்பு கட்டியாகிவிட்டது. அவர் ட்ரம்பெட்டை விட்டுவிட்டார். பாண்ட்காரர்கள் மத்தியில் கதை பரவியது. ஸ்டீபன் பாஸ் காசுக்கு ஆசைப்பட்டு மட்டமான பித்தளையைப் போட்டு ஒருத்தன் வாயைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு பேச்சு. கிழவருக்குக் காது போய்விட்டது என்று இன்னொரு பேச்சு. முதல் பேச்சைக் கேட்டு பாஸ் கோபப்படவில்லை. இரண்டாவதைத்தான் அவர் நம்பினார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு கம்பியைப் பத்துத் தடவை தட்டினார். காலையில் புள்ளி வைப்பார், பகலில் துடைப்பார். நல்ல கம்பிகளைத் தூக்கி மூலையில் எறிந்தார். "இதைக் கேளுங்க சாமியாரே, அறுந்துபோகுதா இல்லையா?" என்று என்னைக் கேட்பார். நான் நல்லாத்தான் இருக்கு என்பேன். "உங்களுக்கு அன்னிக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு" என்பார். ஒன்றரை வருடத்தில் பட்டறையை மூடினார். நான் முன் கடைக்காரரிடமே விளக்குக்குப் பாலீஷ் போடும் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

இடையில் ஒரு தடவை எங்கள் கோயில் குருக்களிடம், யாருக்கோ நடந்தது போலச் சுற்றி வளைத்துக் கேட்டேன். உடைந்த கோயில் விளக்கைக் கடைந்து வாயில் வைத்து ஊதுகிற சாமான் செய்தால் பாவமா என்று. குருக்கள் பூக்கட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"ஏன்யா, திருவிழாவுல நாதஸ்வரம் எதால ஊதுறாங்க? சங்கு எதால ஊதுறாங்க? வாயாலதானே? அதைக் கேட்டுக்கிட்டுத்தானே சாமி தேர்ல வர்றாரு. உடைஞ்ச வெளக்கு நாலு பேருக்குப் பயன்பட்டா உபயம் குடுத்தவங்களுக்குத்தான் புண்ணியம்."

முப்பது வருடம் அந்தக் கோயிலில் நாதஸ்வரம் கேட்டவன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகாவது பாஸிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, அடுத்த வெள்ளிக்கிழமை, தைப்பூசம் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் அவர் கண்டி ஆஸ்பத்திரி வாட்டில் இருக்கும்போதுதான் போனேன். பகல் பார்வையாளர் நேரம். பாஸின் மகள் சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்தார். பாஸ் மெலிந்து கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"சாமியாரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மத்தவங்க எனக்காகப் பொய் சொல்லுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க."

"கேளுங்க பாஸ்."

"என் காது எப்ப கெட்டுச்சு? தேவராஜோட பீஸ் நேரத்துலதானா, இல்ல அதுக்கு முந்தியா? நீங்க பக்கத்துலயே இருந்தவர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

சொல்லத்தான் போயிருந்தேன். வரும்போது பஸ்ஸில் வார்த்தையைக்கூடக் கோத்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும், சாகிற நேரத்தில் இவர் என்னை வெறுப்பாரே என்று பயம் வந்தது. அவருடைய நிம்மதியை நான் நினைக்கவில்லை. என் மரியாதையைத்தான் நினைத்தேன்.

"வயசானா எல்லாருக்கும் அப்படித்தானே பாஸ்" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அப்போ முந்தியே கெட்டிருக்கு" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பேச்சின் விளைவு பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று சாயந்தரமே மகளைக் கூப்பிட்டு, தன்னிடம் மவுத்பீஸ் வாங்கியவர்களுடைய டெலிபோன் நம்பர்களை எல்லாம் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். "அப்பா செஞ்சதை யாரும் ஊத வேணாம், தூக்கிப் போட்டுருங்க, உதடு கெட்டுப்போகும்னு அப்பா சொல்லச் சொன்னார்" என்று அந்தப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. பலர் தூக்கிப் போட்டார்கள். சிலர் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் பாஸ் இறந்தார். சவ ஊர்வலத்தில் ஒரு ட்ரம்பெட்கூட இல்லை. நான் பின்னால் நடந்து போனேன். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டுந்தான் அங்கிள் கடைசிவரைக்கும் அப்பாவோட இருந்தீங்க" என்றது.

போன மாதம் கட்டுகஸ்தோட்டையில் தேவராஜைத் தேடிப் போனேன். திரீவீல் ஓட்டுகிறார். தலை நரைத்துவிட்டது. உதட்டில் தழும்பு அப்படியே இருக்கிறது. ஸ்டாண்டில் அவருடைய வண்டிக்குள் உட்கார்ந்து, முதலில் இருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பாஸ்கிட்ட சொன்னீங்களா அண்ணே?"

"இல்லை."

ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். "அவரு செத்த வீட்டுக்கு நான் போகல. பக்கத்து ரோட்டுல வண்டியோட நின்னேன். ஆத்திரத்துல போகல" என்றார். பிறகு, "எறங்குங்க அண்ணே" என்றார். இறங்கினேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "என்கிட்ட சொல்லி எனக்கு ஒண்ணும் வரப்போறதில்ல. அவரு பீஸ் இன்னும் யாருகிட்டயாவது இருக்கும். அவங்களுக்குச் சொல்லுங்க."

அதனால்தான் எழுதினேன். எனக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்று எழுதவில்லை. கேட்க வேண்டியவர் இல்லை. காலையும் மாலையும் விளக்கு வைக்கிறேன். முருகனிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா நிற்கிறேன்.

பாண்ட் பிள்ளைகளே, இதை வாசிக்கிற மற்றவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். ஸ்டீபன் பாஸ் செய்த மவுத்பீஸ் உங்கள் அலுமாரியிலோ, பரணிலோ, செத்துப்போன யாருடைய ட்ரம்பெட் பெட்டியிலோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். துடைத்து எடுத்து ஊதுங்கள். ஒன்றைத் தவிர அத்தனையும் அவர் தட்டிக் கேட்டு எடுத்த பித்தளை. அந்த ஒன்று நான் வைத்தது. இதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது இருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்கு வயதாகிவிட்டது என்று இரக்கப்பட்டு, பாவம், பக்தியில் செய்துவிட்டான் என்று ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். என் பெயரை விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பதிலையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டீபன் பாஸின் காது கெடவே இல்லை.